முக்கால் மணி நேரம், ஒரே ஒரு பாடம்: குதிரைமேல் பயிற்சி நேரத்தைப் பிரித்துக்கொள்வது

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். அதில் ஒரே ஒரு வரிதான். "டிராட்டிலிருந்து நடைக்கு இறங்கும்போது தலையைத் தூக்கக் கூடாது" என்பது போல ஏதாவது ஒன்று. (டிராட் என்பது நடைக்கு அடுத்த வேக ஓட்டம்.) சேணம் பூட்டுவதற்கு முன்பே அதை எழுதிவிடுவேன். மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் புத்தி வேறு மாதிரி வேலை செய்யும். குதிரை துடிப்பாக இருந்தால் அந்தத் துடிப்பை அடக்குவதே அன்றைய பயிற்சியாகிவிடும். மந்தமாக இருந்தால் உதைத்து உதைத்து ஓட்டுவதே பயிற்சியாகிவிடும். கடைசியில் இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்று நல்ல வேலை" என்று நம்மை நாமே தட்டிக்கொடுத்துக்கொள்வோம். குதிரையைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

நானும் பல வருடங்கள் அப்படித்தான் ஓட்டினேன். களத்தைச் சுற்றிச் சுற்றி வருவது, அலுத்தால் திசை மாற்றுவது, அதுவும் அலுத்தால் கேன்டர் என்னும் பாய்ச்சல். சாரல் என்ற வெள்ளைப் பெண்குதிரை கைக்கு வந்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். அவளுக்கு வலது பக்கக் கேன்டர் வராது. வலது முன்கால் முந்த வேண்டிய இடத்தில் இடது முன்காலை முந்தவிட்டுத் தடுமாறுவாள். ஒருநாள் பதினோராவது முயற்சியில் சரியாக எடுத்தாள். மூன்றே பாய்ச்சல்தான், ஆனால் சுத்தமாக இருந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "இன்னும் ஒரே ஒரு முறை" என்றேன். அந்த ஒரே ஒரு முறையை இருபது முறை கேட்டிருப்பேன். கடைசியில் அவள் களத்தின் ஒரு மூலையில் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள். காதுகள் இரண்டும் பின்னால் படிந்திருந்தன. மறுநாள் அந்த மூலையை நடையில் கடக்கும்போதே முதுகு கல்லாக இறுகியது. அந்த மூலையை அவள் மனதிலிருந்து அழிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

அன்றிலிருந்து எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் ஏறுகிறேன். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த ஒரு பழக்கத்திலிருந்து வந்தவை.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூலைவிட்டக் கால்கள் ஜோடி ஜோடியாக விழும் இரண்டு தாள ஓட்டத்தை டிராட் என்றும், மூன்று தாளமும் ஒரு நொடி அந்தரமுமாகப் போகும் பாய்ச்சலைக் கேன்டர் என்றுமே எழுதுகிறேன். நல்ல தமிழில் பெயர் சூட்டலாம். ஆனால் லாயத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான்கு கால்களும் தனித்தனியாக விழும் நான்கு தாள நடைக்கு மட்டும் நம் "நடை" என்ற சொல்லே போதும்.

சீட்டில் என்ன எழுதுவது

"கேன்டரைச் சரிசெய்ய வேண்டும்" என்று எழுதினால் அது ஒரு வருட வேலை. "வலது வட்டத்தில், டிராட்டிலிருந்து, வேகம் கூட்டாமல் கேன்டர் எடுக்க வேண்டும்" என்று எழுதினால் அது பதினைந்து நிமிட வேலை. இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது. குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் வேலியில் சாய்ந்து நிற்கிறார். அவரிடம் சீட்டைக் கொடுத்தால், "நடந்தது" அல்லது "நடக்கவில்லை" என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் பாடம் பெரிது, வெட்டிச் சிறிதாக்குங்கள்.

அடுத்த கேள்வி, இந்தப் பாடத்துக்குக் குதிரை தயாரா என்பது. ஜெர்மானியப் பயிற்சி முறையில் ஆறு படிகள் கொண்ட ஓர் ஏணி உண்டு: முதலில் தாளம், அடுத்து தளர்ச்சி, பிறகு வாய்க்கும் கைக்கும் இடையிலான தொடர்பு, அதன் பின் உந்துவிசை, நேர்மை, கடைசியாகக் குவிதல். நேர்மை என்றால் பின்கால்கள் முன்கால்களின் தடத்திலேயே வருவது. குவிதல் என்றால் பின்னங்கால்கள் கூடுதல் எடையைத் தாங்கி முன்பக்கம் இலேசாவது. பல வருடப் பயிற்சிக்காகச் சொன்ன வரிசை இது. ஆனால் ஒவ்வொரு நாளும் குதிரை இந்த ஏணியின் முதல் மூன்று படிகளைப் புதிதாக ஏறித்தான் ஆக வேண்டும். நேற்று நான்காவது படியில் இறங்கிய குதிரையை இன்று நான்காவது படியிலேயே ஏறி ஓட்டலாம் என்று நினைப்பதுதான் பெரும்பாலான சண்டைகளின் தொடக்கம்.

ஆகவே முக்கால் மணி நேரத்தை நான் இப்படிப் பிரிக்கிறேன்: தளர்ந்த நடை 10 நிமிடம், தளர்த்தும் ஓட்டம் 12, சீட்டில் உள்ள வேலை 15, இறக்கம் 8. பாடம் என்று சொல்லத்தக்கது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். புதிதாகப் பழக வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடும். மூன்றில் ஒரு பங்குக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைக்கிறார்கள் போலும்.

ஏறும் முன்

இதற்கு அதிக நேரம் வேண்டாம், ஆனால் தவிர்க்கவும் வேண்டாம். நான்கு குளம்புகளையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். சேணம் உட்காரும் இடத்தில் உள்ளங்கையை அழுத்தி, கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை ஒருமுறை தடவிப் பாருங்கள். எங்காவது தோல் சட்டென்று சுருங்கினாலோ குதிரை விலகினாலோ அன்றைய சீட்டைக் கிழித்துவிடலாம். வயிற்றுவாரை ஒரே இழுப்பில் இறுக்காமல், ஒரு துளை, சில அடி நடை, இன்னொரு துளை என்று இறுக்குங்கள். தரையிலிருந்து அங்கவடியில் தொங்கி ஏறாமல் ஏறுபடி வைத்து ஏறுங்கள். சேணம் முதுகெலும்பைத் திருகாமல் இருக்கும்.

முதல் பத்து நிமிடம்

கடிவாள வாரை நீளமாக விட்டு நடக்கவிடுங்கள். தலை எங்கே போக வேண்டுமோ போகட்டும். இதைச் சோம்பேறித்தனம் என்று பலர் நினைத்து இரண்டாவது நிமிடமே டிராட்டுக்குப் போய்விடுகிறார்கள். மூட்டுகளில் உள்ள குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது. அது அழுந்தி அழுந்தி விடுபடும்போது மூட்டுத் திரவத்திலிருந்துதான் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. பல மணி நேரம் லாயத்தில் நின்ற குதிரைக்கு அந்த மசகு கிடைக்க நடைதான் வழி. என்னிடம் உள்ள தவிடு என்ற பழுப்புக் குதிரைக்கு இருபத்தொரு வயது. அவனுக்குப் பத்து நிமிடம் போதாது. பதினைந்து, குளிர் நாளில் இருபது. முதல் சில சுற்றுகளில் அவன் பின்னங்கால் மூட்டு சொடுக்குவது மேலே உட்கார்ந்திருக்கும் எனக்கே கேட்கும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடும்.

ஐந்தாவது நிமிடத்தில் குனிந்து வயிற்றுவாரைச் சரிபாருங்கள். ஏறும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பி வைத்திருந்த குதிரை இப்போது விட்டிருக்கும். வாரில் ஒரு துளையாவது கூடும்.

இந்த நேரத்தில் எனக்கும் வேலை உண்டு. அங்கவடியிலிருந்து பாதங்களை எடுத்துவிட்டுக் கால்களைத் தொங்கவிடுவேன். கண்ணை முன்னால் வைத்துக்கொண்டு, எந்தப் பின்னங்கால் எப்போது விழுகிறது என்று இடுப்பெலும்பால் கேட்பேன். இடது பின்னங்கால் முன்னால் வரும்போது வயிறு வலப்பக்கம் ஊசலாடி, என் இடது இடுப்பு சற்று இறங்கும். அதை மனதுக்குள் "இடது, வலது, இடது" என்று சொல்லிப் பார்ப்பேன். தரையில் நிற்கும் நண்பர் ஒருவரைச் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். இது பிடிபட்டுவிட்டால் பிறகு கால் உதவியை, அதாவது நம் காலால் குதிரைக்குச் சொல்லும் சைகையை, எப்போது கொடுப்பது என்ற குழப்பமே வராது. தரையில் ஊன்றி நிற்கும் காலை எங்கும் நகர்த்த முடியாது. தூக்கும் காலைத்தான் இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுவா என்று கேட்க முடியும்.

தளர்த்தும் பன்னிரண்டு நிமிடம்

இந்தப் பகுதியில்தான் அன்றைய குதிரை யார் என்று தெரியும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எழுந்து உட்கார்ந்து ஓட்டும் டிராட்டில் தொடங்குங்கள். குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னால் போகும்போது எழ வேண்டும், அது திரும்பி வரும்போது உட்கார வேண்டும். திசை மாறினால் ஒரு தாளம் கூடுதலாக உட்கார்ந்து மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் ஒரே ஜோடிக் கால்மேல் உட்கார்ந்துகொண்டே இருந்தால் குதிரை ஒருபக்கமாகத் தேயும்.

உருவங்கள் பெரியதாக இருக்கட்டும்: 20 மீட்டர் வட்டம், களத்தை மூலைக்கு மூலை வெட்டும் திசைமாற்றம், மூன்று வளைவுள்ள பாம்புக்கோடு. சின்ன வட்டம் இப்போது வேண்டாம். 20 மீட்டர் வட்டம் என்று சொன்னேனே, அதைச் சரியாக வரைபவர்கள் குறைவு. களத்தின் ஓரங்களில் இடம் காட்டும் எழுத்துகள் இருக்கும். 20க்கு 40 மீட்டர் களத்தில், குட்டைப் பக்கத்தின் நடுவிலுள்ள ஏ எழுத்தில் வட்டம் போட்டால், அது ஏயைத் தொடும், களத்தின் நடுப்புள்ளியைத் தொடும், இரண்டு நீளப் பக்கங்களை மூலையிலிருந்து 10 மீட்டரில் தொடும். ஆனால் அந்த நீளப் பக்கங்களிலுள்ள கே, எஃப் எழுத்துகள் மூலையிலிருந்து 6 மீட்டரிலேயே நிற்கின்றன. கண் எழுத்துக்குப் போகும், குதிரை கண்ணோடு போகும், வட்டம் முட்டையாகிவிடும். எழுத்தைத் தாண்டி 4 மீட்டரில் மணலில் குளம்பால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நான் நான்கு புள்ளிகளிலும் சின்னக் கூம்பு வைத்துவிடுகிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 63 மீட்டர். ஒரு கூம்பிலிருந்து அடுத்த கூம்புக்கு எத்தனை எழுச்சி என்று எண்ணுங்கள். சாரலுக்கு ஆறு. முதல் கால்வட்டத்தில் ஆறு, இரண்டாம் கால்வட்டத்தில் ஆறு, மூன்றாம் கால்வட்டத்தில் ஐந்து என்றால் அங்கே அவள் வேகம் கூட்டுகிறாள் அல்லது நான் வட்டத்தை வெட்டுகிறேன். நான்கு கால்வட்டத்திலும் ஆறு, ஆறு, ஆறு, ஆறு என்று வந்துவிட்டால் ஏணியின் முதல் படி முடிந்தது. தாளம் வந்துவிட்டது.

இரண்டாம் படியான தளர்ச்சியைக் கணக்கில் பிடிக்க முடியாது; பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். சாரலிடம் அது இப்படி வரும். முதலில் கழுத்து உடலோடு சேரும் இடத்தில், சேணத்துக்கு முன்னால், ஒரு தசை துடிப்பது நிற்கும். பிறகு வால். அதுவரை ஒருபக்கமாக ஒட்டிக்கொண்டிருந்த வால் முதுகெலும்பின் தொடர்ச்சியாக இடதும் வலதும் ஊசலாடத் தொடங்கும். அதற்குப் பிறகு மூக்கு: நீளமாக ஒரு "புர்ர்". அந்த மூச்சோடு சேர்ந்து என் இருக்கைக்குக் கீழே முதுகு மெத்தையாவது தெரியும். இரும்புக் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தவரைத் திடீரென்று யாரோ பஞ்சு மெத்தைக்கு மாற்றியது போல இருக்கும். அப்போது வாரை விரல் விரலாக நீட்டிப் பாருங்கள். தளர்ந்த குதிரை வாரைத் தேடி மூக்கை முன்னாலும் கீழேயும் நீட்டும். தளராத குதிரை தலையை மேலே எறியும், அல்லது வாரைப் பிடுங்கும்.

சில குதிரைகளுக்கு டிராட்டில் இது வராது. ஒரு சுற்று இலேசான கேன்டர், இருக்கையைச் சேணத்திலிருந்து கொஞ்சம் தூக்கி உட்கார்ந்து ஓட்டினால் சட்டென்று வந்துவிடும். தவிடு அந்த வகை. எது எந்தக் குதிரைக்கு என்பதை அந்தக் குதிரைதான் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு நிமிடத்தில் அந்தப் "புர்ர்" வரவில்லையா? இருபது எடுத்துக்கொள்ளுங்கள். இருபதிலும் வரவில்லை என்றால் இன்றைய பாடம் அதுதான். சீட்டைப் பையிலேயே விட்டுவிடுங்கள். தளர்ச்சி வந்ததும் நடந்து, இறங்கி, லாயத்துக்குப் போங்கள். நாள் வீணாகவில்லையா என்று கேட்பீர்கள். இறுகிய முதுகின்மேல் கற்றுக்கொடுப்பதெல்லாம் இறுக்கத்தோடு சேர்ந்தே பதியும். அந்த இருபது கேன்டர்களுக்குச் சாரல் கற்றுக்கொண்டது வலது கால் அல்ல, மூலையைக் கண்டு பயப்படுவது.

பதினைந்து நிமிட வேலை

பதினைந்து நிமிடத்தையும் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். நான்கு நிமிடம் வேலை, ஒன்றரை நிமிடம் நீள வாரில் நடை. இப்படி மூன்று சுற்று. இடையில் வரும் நடை குதிரைக்கு மட்டும் அல்ல. முதல் சுற்றில் என்ன தப்பு செய்தோம் என்று நாம் யோசிப்பதற்கும் அதுதான் நேரம்.

ஓர் உதாரணத்தை முழுசாகச் சொல்கிறேன். சீட்டு: "டிராட்டிலிருந்து நடைக்கு இறங்கும்போது தலையைத் தூக்கக் கூடாது."

இடது வட்டம், அதாவது சாரலுக்கு எளிதான பக்கம். முதல் சுற்றில் கேள்வி எதுவும் கிடையாது. வட்டத்தின் இரண்டு எதிர்ப்புள்ளிகளில் நடை, நடுவில் டிராட், அவ்வளவுதான். எங்கே தலை தூக்குகிறாள் என்று பார்க்கிறேன். பார்த்தால் தலை தூக்குவது நடைக்கு வரும் தாளத்தில் இல்லை. அதற்கு ஒரு தாளம் முன்னாலேயே. அப்படியென்றால் காரணம் பெரும்பாலும் என் கையாகத்தான் இருக்கும். நடை என்று மனதில் நினைத்ததுமே என் முழங்கை பின்னால் போயிருக்கிறது. அவள் வாயில் அது அடியாக விழுந்திருக்கிறது.

இரண்டாம் சுற்றில் கையை மறந்துவிட்டு உடம்பால் கேட்கிறேன். கூம்புக்குச் சற்று முன்பே எழுவதை நிறுத்தி உட்காருகிறேன். மூன்று தாளம் உட்கார்ந்தபடியே, கெண்டைக்காலை இலேசாக ஒட்டி வைத்துக்கொண்டு, அடிவயிற்றை இறுக்கி, முதுகை உயர்த்துகிறேன். வாரைப் பின்னால் இழுக்கவில்லை. முன்னால் போகவிடாமல் விரல்களை மட்டும் மூடுகிறேன். ஒரு தாளம்தான். உடனே திறக்கிறேன். ஹாஃப் ஹால்ட் என்று லாயங்களில் பெரிய மந்திரம் போலப் பேசுவது இதைத்தான். நனைந்த துணியைக் கைக்குள் வைத்துப் பிழிந்துவிட்டு விடுவது போல. பிழிந்தே வைத்திருந்தால் அது ஹாஃப் ஹால்ட் அல்ல, இழுவை.

நான்காவது தாளத்தில் மூச்சை வெளியே விடுகிறேன். அவள் நடைக்கு வந்துவிட்டாள், தலை கொஞ்சம்தான் ஆடியது. அந்தக் கணமே என் இரண்டு கைகளும் அரை அங்குலம் முன்னால் போகின்றன. இந்த அரை அங்குலத்தை எவ்வளவு சொன்னாலும் தகும். கால் தொட்டதாலோ வார் பிடித்ததாலோ குதிரை எதையும் கற்றுக்கொள்வதில்லை. தான் சரியாகச் செய்த நொடியில் தொட்டது நீங்கியது என்பதிலிருந்துதான் அதற்கு விடை கிடைக்கிறது. ஒரு நொடி தாமதமாக விட்டால், அதற்குள் அது வேறு ஏதோ செய்திருக்கும்; அந்த வேறு ஏதோவுக்குத்தான் பரிசு போய்ச் சேரும். கழுத்தில் தட்டிக்கொடுப்பது, "நல்ல பெண்" என்று கொஞ்சுவது எல்லாம் பிறகு. முதல் பரிசு விரல் திறப்பது.

ஏழெட்டு முறை இடப்பக்கம். பிறகு நீள வாரில் நடை. பிறகு திசை மாற்றி வலப்பக்கம், அதாவது கடினமான பக்கம். கடினமான பக்கத்தில் அதிக நேரம் உழைக்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. அந்தப் பக்கத்துக்குக் குறைந்த நேரம், ஆனால் அடிக்கடி போகிறேன். நமக்கு இடது கையால் எழுதச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அதற்கும். அரைப் பக்கம் எழுதியதுமே கை வலிக்கும். வலித்த பிறகு எழுதும் எழுத்து கோணல்தான்.

சரியாக வரவில்லை என்றால்? என் விதி மூன்று. ஒரே தப்பு ஒரே விதமாக மூன்று முறை வந்தால் நான்காவது முறை கேட்பதில்லை. கேள்வி பெரிதாக இருக்கிறது என்று பொருள். வட்டத்தில் வரவில்லையா, நேர்க்கோட்டில் கேளுங்கள். டிராட்டில் வரவில்லையா, நடையிலிருந்து நிற்பதற்குக் கேளுங்கள். அங்கே விடை வந்ததும் ஒரு படி மேலே ஏறுங்கள். சாரலிடம் அந்த இருபது முறையும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் சத்தமாக.

சரியாக வந்துவிட்டால் அதைவிடக் கடினம், நிறுத்துவது. நல்லது ஒன்று வந்ததும் இன்னொரு முறை கேட்கலாம், அது தற்செயலா என்று பார்க்க. அதுவும் நன்றாக வந்தால் வாரை விட்டு நடக்கவிடுங்கள். பதினைந்தில் ஒன்பது நிமிடம்தான் ஆகியிருக்கிறதா? ஆகட்டும். மிச்சம் ஆறு நிமிடத்தில் அதற்குத் தெரிந்த, பிடித்த வேறு எதையாவது செய்யுங்கள்.

வேறு சில சீட்டுகள்

தரைக்கம்பு நாள்: டிராட்டில் தாளம் ஓடிப்போகும் குதிரைக்கு நல்லது. நான்கு கம்புகளை 1.3 மீட்டர் இடைவெளியில் தரையில் வையுங்கள். குள்ளமான குதிரை என்றால் 1.2 போதும். நடையில் கடக்க 80 முதல் 90 சென்டிமீட்டர். ஒரே கம்பில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். இரண்டு கம்பு மட்டும் வைக்காதீர்கள்; பல குதிரைகள் அதை ஒரே தாண்டலில் தாண்டப் பார்க்கும். கம்புக்கு முன்னால் கண்ணைத் தரையில் புதைக்காமல், களத்தின் அந்தக் கோடியில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள்.

கேன்டர் எடுக்கும் நாள்: குதிரை கேன்டர் எடுக்காமல் டிராட்டிலேயே விரைந்து ஓடினால் துரத்தாதீர்கள். ஓடி ஓடிக் கேன்டருக்குள் விழும் குதிரை அடுத்த முறையும் ஓடித்தான் விழும். திரும்பி வந்து, தாளத்தைச் சேர்த்து, மறுபடி கேளுங்கள். மூலையில் கேட்டால் வளைவு தானே உதவி செய்யும்: வளைவின் உள்பக்கம் இருக்கும் உங்கள் கால் வயிற்றுவாரின் அருகில், வெளிப்பக்கக் கால் ஒரு சாண் பின்னால்.

பக்கவாட்டு நாள்: லெக் யீல்டை, அதாவது காலின் அழுத்தத்துக்கு விலகிக் குதிரை முன்னாலும் பக்கவாட்டிலும் சேர்ந்து நகர்வதை, நடையில், நடுக்கோட்டிலிருந்து சுவரை நோக்கித் தொடங்குங்கள். குதிரை சுவரைத் தேடிப் போகும் இயல்பு பாதி வேலையைச் செய்துவிடும். இது வந்த பிறகுதான் ஷோல்டர் இன், அதாவது குதிரையின் தோளைச் சுவரிலிருந்து சற்று உள்ளே கொண்டுவந்து ஓட்டுவது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குதிரை ஆசான் கெரினியேர் நேர்ச்சுவர் ஓரம் வகுத்துக் கொடுத்த அந்தப் பயிற்சிக்கு இன்றுவரை நல்ல மாற்று வரவில்லை என்பது என் எண்ணம். அதில் தோளைத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். தலையை மட்டும் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு ஷோல்டர் இன் செய்கிறோம் என்று நினைப்பவர்கள் ஏராளம். நானும் இரண்டு வருடம் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

ஒரு நாளைக்கு ஒரு சீட்டு. மூன்றையும் ஒரே நாளில் கலக்காதீர்கள்.

இறக்கம்

எட்டு நிமிடத்தில் முதல் மூன்று, நீண்ட கழுத்தோடு எழுந்து உட்காரும் டிராட். மூக்கு முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்தாலும் தாளம் மாறக் கூடாது. பிறகு நடை. இறங்கி, வயிற்றுவாரை ஒரு துளை தளர்த்தி, அங்கவடிகளை மேலே ஏற்றி, கடைசி இரண்டு நிமிடம் கூடவே நடந்து லாயத்துக்குப் போங்கள். லாயத்தில் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16. இந்த அளவு வேலைக்குப் பிறகு நீண்ட நேரம் அந்த அளவுக்கு இறங்காமல் வாங்கிக்கொண்டே இருந்தால், வேலை அதிகம், அல்லது வெயில் அதிகம், அல்லது உடம்பில் வேறு ஏதோ.

கெட்ட நாட்கள்

நேற்றுவரை செய்ததை இன்று திடீரென்று மறுக்கும் குதிரையைப் பிடிவாதக்காரன் என்று சொல்வதற்கு முன் உடம்பைப் பாருங்கள். கடினத் தரையில், நேர்க்கோட்டில், தளர்ந்த கயிற்றில் ஒருவரை டிராட் ஓட்டச் சொல்லி எதிரில் நின்று பாருங்கள். தலை ஒரு தாளத்துக்கு மேலே போய் அடுத்த தாளத்துக்குத் தாழ்ந்தால், தலை மேலே போகும்போது ஊன்றும் முன்காலில்தான் வலி. பல் கூர்மையாகிக் கன்னத்தைக் குத்துகிறதா, உடம்பு இளைத்தோ பெருத்தோ சேணம் பொருந்தாமல் போய்விட்டதா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்; சவுக்கைத் தேடாதீர்கள்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். வேலையிடத்தில் யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் நான் சீட்டே எழுதுவதில்லை. நீள வாரில் அரை மணி நடந்துவிட்டு இறங்கிவிடுவேன். அன்றைக்கு எந்தக் குதிரையும் என்னால் கெட்டுப்போகாது என்ற நிம்மதியாவது இருக்கும்.

வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் இப்படிக் களத்துக்குள் பாடம் நடத்துவதும் இல்லை. மற்ற நாட்களில் வெளியே உலா, ஏற்றம் இறக்கம் உள்ள பாதை, ஒருநாள் நீளக் கயிற்றில் சுற்றவிடுவது, ஒருநாள் மேயவிட்டுச் சும்மா இருப்பது. சனிக்கிழமை வராத பாடம், ஞாயிறு முழுவதும் விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை கேட்டால் வந்துவிடுவது எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது. யார் இடையில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது.

இறங்கியதும் சேணத்தைத் துடைப்பதற்கு முன்பே சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிடுகிறேன். மணக்கும் தோலும் மணலும் ஒட்டிய அந்தச் சீட்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. கடைசியாகப் போட்டது இது: "சாரல். இடப்பக்கம் நான்காவதில் வந்தது. வலப்பக்கம் ஆறாவதில், முழங்கையை விலாவில் ஒட்டிய பிறகு. அந்த மூலையை நீள வாரில் இரண்டு முறை கடந்தோம், காது திரும்பவில்லை. 11 நிமிடத்தில் நிறுத்தினேன். நாளை வெளியே."